தறி எடுத்த கூடம்

ஆளில்லாத வீட்டறையைப் படமெடுப்பது கலைப் புகைப்படத்தில் ஒரு தனி மரபு. பாரிஸ் வீடுகளின் உட்புறங்களை எழேன் அட்ஜே 1910இல் ஓர் ஆல்பமாகத் தொகுத்தார். நம் நாட்டில் தயானிதா சிங்கின் ‘பிரைவசி’ (2004) நூலில் குடும்பப் படங்களுக்கிடையே வீட்டார் இல்லாத அறைகளும் வருகின்றன. அறையைப் பார்த்தாலே அதில் வாழ்ந்தவரைத் தெரிந்துகொள்ளலாம் என்பது இந்த மரபின் நம்பிக்கை. அட்ஜேயின் ஆல்பமே அதைக் குலைத்துவிட்டது: தம் சொந்த வீட்டை வேறொருவர் வீடென்று பெயரிட்டு அவர் அதில் சேர்த்திருந்தது பிற்கால ஆய்வில் வெளிப்பட்டது. கட்டிலும் அலமாரியும் யாருக்கு வேண்டுமானாலும் சாட்சி சொல்லும்.

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீட்டில் அப்படி ஏமாற்றுவது கடினம். அங்கே கூடத்தின் அளவைத் தீர்மானித்தது தறி. குழித்தறியில் மிதிகள் தரைக்குக் கீழே இருக்கும். நெசவாளர் குழி விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு மிதிப்பார். தறியை விற்றுக் குழியை மூடினாலும், பூச்சின் நிறம் பெரும்பாலும் அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். நாற்காலி, கட்டில் இல்லாத அந்தக் கூடத்தில் கலைக்கண் எளிமையின் அழகைக் காணலாம். உண்மையில் அது தறிக்கு விட்டுக்கொடுத்த இடம். வேலையும் வாசற்படியோடு நிற்கவில்லை. பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் பாவு நூலை நீட்டிச் சீர்செய்யத் தெருவே பட்டறையாயிற்று. முட்டுக்காடு தட்சிணசித்திரா அருங்காட்சியகத்தில் காஞ்சி நெசவாளர் வீடொன்றைப் பார்க்கலாம். அந்தத் தெருவைப் பெயர்த்துக் கொண்டுவர முடியாதே!

அந்தக் காலப் படங்களில் ஆளில்லாததற்குக் காரணம் கேமராதான் என்பார்கள். 1850களில் லின்னேயஸ் டிரைப் சென்னை மாகாணக் கோயில்களைப் படமெடுத்தபோது, நீண்ட நேரப் பதிவில் அசைகிறவர்கள் மங்கிப்போவார்கள் என்பது சரியே. இன்றைய கேமராவுக்கு அந்தச் சாக்கு இல்லை. இப்போது வெறுமை ஒரு தேர்வு. இன்னொரு ஆட்சேபம் வலுவானது: தறியில் சிரித்தபடி உட்காரவைத்து நெசவாளரைக் காட்சிப்பொருளாக்கும் சுற்றுலாப் படத்தைவிட, வெற்றறைப் படம் அவருக்கு மரியாதை தருகிறது. இதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அந்த மரியாதை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. உடலும் கரையும் வேறு நிறமாக வரும் கோர்வைச் சேலைக்கு, மறுபக்கம் நாடா தள்ள ஒரு துணையாள் வேண்டும். நெடுங்காலம் அந்த வேலையைப் பல வீடுகளில் செய்தவர்கள் சிறுவர்கள். ஊடை என்னும் குறுக்குநூலுக்குத் தார் சுற்றியவர்கள் வீட்டுப் பெண்கள். நெசவாளருக்குக் குழியாவது மிஞ்சியது. பையனுக்கும் பெண்ணுக்கும் தரையில் ஒரு கீறல்கூட இல்லை. அறை சொல்லாததை எழுத்துதான் சொல்லவேண்டும்.

ஆகவே தறி எடுத்த கூடங்களைப் படமெடுப்போருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டாரைக் கேட்டு, தெருவின் பெயர், தறி நின்றுபோன ஆண்டு, துணைக்கு உட்கார்ந்தவரின் வயது, தார் சுற்றியவரின் உறவுமுறை ஆகியவற்றைப் படத்தின் அடியில் எழுதி வையுங்கள்.