வட்டுக்கோட்டையும் கையடக்க மருத்துவ நூலும்

நோயாளியின் உயிர் ஊசலாடும் வேளையில் மருத்துவனுக்கு நூலகம் உதவுவதில்லை. நினைவும் கைக்குள் அடங்கும் குறிப்புமே உதவுகின்றன. நோயாளி குழந்தையாயின் இடர் இருமடங்காகும். வளர்ந்தோருக்கு மருந்தின் அளவு பெரும்பாலும் ஒன்றே. குழந்தைக்கோ உடல் எடைக்கேற்ப அது மாறும். மூச்சு நின்ற குழந்தையைத் தராசில் இட்டு நிறுத்தற்கு அவகாசம் ஏது? கையடக்கக் குறிப்புகள் தோன்றியதன் காரணம் இதுவே. இவ்வகை நூலொன்றைத் தமிழுக்குத் தந்த வரலாறு வட்டுக்கோட்டையோடு தொடர்புடையதாகும்.

1823இல் அமெரிக்க மிசனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரி, 1855இல் மூடப்படும்வரை மேலைத்தேய அறிவியலை யாழ்ப்பாணத்து இளைஞருக்குக் கற்பித்தது. அம்மிசனின் மருத்துவராக 1847இல் வட்டுக்கோட்டைக்கு வந்தவரே சாமுவேல் பிஸ்க் கிறீன். மறு ஆண்டில் மானிப்பாய்க்குச் சென்று அங்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கு மேற்பட்டோர் ஆவர். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், பின்னர் தமிழையே போதனா மொழியாக்கினார். கிராமத்து மக்களோடு வாழ்ந்து தொழில் புரிய வேண்டியவனுக்கு அம்மக்களின் மொழியிலேயே அறிவு சேர வேண்டும் என்பது அவரது நோக்கமாகும்.

மாணவர் துணையுடன் அவர் வெளியிட்ட நூல்களுள் பிரசவ வைத்தியம் (1857), இரண வைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872), வைத்தியாகரம் (1872) என்பன குறிப்பிடத்தக்கன. இவற்றுள் இறுதியாகக் கூறியது, றொபேட் ஹூப்பர் என்ற ஆங்கில மருத்துவரின் கைநூலைத் தழுவியது. மூலநூலின் இலத்தீன் பெயருக்கு ‘என்னுடன் வா’ என்பது பொருள். மருத்துவன் செல்லுமிடமெல்லாம் உடன் செல்வது என்பது கருத்து. தமிழ்ப் பெயரிலோ ‘ஆகரம்’ என்ற சொல் சுரங்கத்தைக் குறிக்கும். துணைவனாக இருந்த நூல் தமிழில் சுரங்கமாயிற்று. கலைச்சொல்லே இல்லாத துறையில் முதற்பணி சுரங்கம் அகழ்வதாகவே இருத்தல் இயல்பு. ஆயினும் சுரங்கத்திலிருந்து எடுத்ததை மடியிற் கட்டிச் செல்லும் பணி எஞ்சியே நின்றது.

மேலைநாட்டில் இப்பணி படிப்படியாக வளர்ந்தது. தோமஸ் யங் என்பார் வகுத்த விதி, குழந்தையின் வயதை வயதோடு 12 கூட்டிய தொகையால் வகுத்து, வளர்ந்தோர் அளவில் அப்பங்கைக் கொடுக்கச் சொல்லியது. நான்கு வயதுக் குழந்தைக்குக் காற்பங்கு என்பது இதன்படி வரும். ஆயினும் ஒரே வயதுடைய இரு குழந்தைகள் ஒரே பருமன் உடையோர் அல்லர். 1980களில் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் புரோஸ்லோ வேறு வழி கண்டார். நிறப் பட்டைகள் கொண்ட நாடாவைக் குழந்தையின் தலையிலிருந்து குதிகால்வரை நீட்டினால், குதிகால் படும் நிறமே எடையையும் மருந்தளவையும் சுவாசக் குழாயின் அளவையும் காட்டிவிடும். பதற்றமான வேளையில் கணக்குப் போடும் சுமையை அது நீக்கியது.

எனினும் கருவியும் மொழிபெயர்க்கப்பட வேண்டியதே. இந்தியக் குழந்தைகளிடையே நடத்தப்பெற்று 2008இல் வெளியான ஆய்வொன்று, 10 கிலோவிற்கு மேற்பட்டோரின் எடையை அந்நாடா உள்ளதினும் கூட்டிக் காட்டுவதைக் கண்டது. கூடிய எடை என்றால் கூடிய மருந்து என்பதே பொருள். அந்நியர் உடலுக்கு அளந்த கோல் நம் குழந்தைக்குப் பொருந்துமா எனச் சோதித்தல் கடனாகும்.

அளவு மட்டுமன்று, மொழியும் அவ்வாறே. கிணற்றில் விழுந்த குழந்தையைத் தூக்கி எடுப்பவர் மருத்துவர் அல்லர்; தாயோ அயலாரோதான். வைத்தியசாலை சேருமுன் கழியும் சில நிமிடங்களே உயிரைத் தீர்மானிக்கும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை மார்பை அழுத்துக, இடையிடையே மூச்சூட்டுக என்னும் அறிவுரை அவர்கள் அறிந்த மொழியில், கைக்கெட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும். இன்றோ இலங்கையில் மருத்துவக் கல்வி ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது. மருத்துவரின் சட்டைப்பைக் குறிப்புகளும் பெரும்பாலும் அம்மொழியினவே. அது மருத்துவருக்குப் போதும், தாய்க்குப் போதாது.

கிறீன் 1884இல் மறைந்தார். அவர் அகழ்ந்த சுரங்கம் நம்முன் கிடக்கின்றது. அதன் நோக்கை ஏற்று, உயிர்காக்கும் சில வரிகளை நல்ல தமிழில் ஒரு சிறு அட்டையில் அடக்குதல் பெரும் பொருட்செலவை வேண்டும் பணியன்று. மருத்துவ மாணவரின் அறிவும் தமிழ் மாணவரின் சொல்லும் ஒருங்கே அமரின் அது இயலும். ‘என்னுடன் வா’ என்ற பெயர் அன்றுதான் தமிழில் முழுப் பொருள் பெறும்.