நேரே பார்க்கும் மீனாட்சி, அந்தப் பக்கம் பார்க்கும் இயேசு

குளத்தூரில் சின்ன வயசுல நான் அதிகம் பார்த்தது ரெண்டு வீட்டுச் சுவர்களைத்தான். எங்க வீட்டில் மீனாட்சி கல்யாணம், கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். எதிர்வீட்டு டீச்சர் அக்கா வீட்டில் இயேசுவின் முகம் மட்டும்: பழுப்பு வெளிச்சம், தோள்வரை முடி. "இவரு ஏன் நம்மளப் பாக்காம அந்தப் பக்கம் பாக்குறாரு?"ன்னு அக்காகிட்ட கேட்டேன். சிரிச்சாங்க, பதில் சொல்லலை. ரெண்டு படத்தையும் வரைஞ்சவங்களைப் பற்றிப் படிச்ச பிறகுதான் ஒரு பதில் கிடைச்சது.

மீனாட்சி நம்ம கோவில்பட்டிக்காரி. சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். கொஞ்ச காலம் ரமணர் ஆசிரமத்தில் இருந்தார், பிறகு நாடகக் கம்பெனியில் சீன் வரைந்தார். 1940களின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்துபோக, அவர் இங்கேயே தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டூடியோ அப்படிப் பிறந்தது. டி. எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் போன்ற சீடர்கள் சேர்ந்தார்கள். படங்கள் சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகப் போயின. அந்தக் காலண்டர்களை உற்றுப் பாருங்கள்: தூண், திரைச்சீலை, தூரத்து மலை, எல்லாமே நாடகப் படுதாதான். அதுக்கு முன்னால் சாமி நம்மை நேருக்கு நேர் பார்த்து நிற்கும். கும்பிடுகிறவனுக்கு அந்தப் பார்வை வேணும். அது இல்லைன்னா படத்துக்குச் சூடம் காட்டி என்ன பிரயோசனம்?

அக்கா வீட்டுப் படம் சிகாகோவிலிருந்து வந்தது. விளம்பரப் படங்கள் வரைந்து பிழைத்த வார்னர் சால்மன் 1924இல் ஒரு சபைப் பத்திரிகை அட்டைக்காகக் கரிக்கோலால் போட்ட முகம் அது. 1940இல் அதையே எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களின் சட்டைப் பையில் சின்ன அட்டையாகப் போனது. மொத்தம் 50 கோடிப் பிரதிகள்னு சொல்றாங்க. பார்த்தால் ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ மாதிரியே இருக்கும். புராட்டஸ்டண்ட் வீட்டில் படம் ஒரு நினைவூட்டல்தான், அதைக் கும்பிடுவதில்லை. அதனால அவர் எங்கே பார்த்தாலும் குறையில்லை.

கத்தோலிக்க வீடுகளில் கதை வேறு. பொம்பேயோ பத்தோனி 1767இல் ரோமில் வரைந்த திருஇருதயப் படத்தில் இயேசு கையில் இதயத்தை ஏந்திக்கொண்டு நம்மையே பார்க்கிறார். அந்த மரபில் வந்த படங்களுக்கு முன்னால்தான் இங்கே மெழுகுவர்த்தியும் சீரியல் பல்பும் எரியுது. கொண்டையராஜு பார்த்திருந்தால் அந்தப் பார்வையை மெச்சியிருப்பார்னு எனக்குத் தோணும்.

ஆனா ரெண்டு இயேசுவுக்கும் வெளியூர் முகம். நம்ம ஊர்ச் சாயலை யாருமே யோசிக்கலையான்னா, ரொம்ப முன்னாடியே ஒருத்தர் யோசிச்சிருக்கார். 1710இல் இந்தியா வந்த பெஸ்கி, அதாவது வீரமாமுனிவர், ஆரம்ப காலத்தில் ஊழியம் செய்தது கோவில்பட்டிக்குப் பக்கத்து காமநாயக்கன்பட்டியில். இதே கரிசல் மண்தான். பிறகு விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் கோயில் கட்டி, மாதாவுக்குச் சேலை உடுத்தி, பெரியநாயகின்னு பேரும் வைத்தார். சிலையை மணிலாவில் செய்து கப்பலில் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். இத்தாலிக்காரர் ஒருத்தர் தமிழ்ப் பெண்ணாக நினைத்த மாதாவைப் பிலிப்பைன்ஸில் செதுக்கியிருக்காங்க!

போன மாசம் டீச்சர் அக்கா வீட்டுக்குப் போனேன். படம் அதே ஆணியில்தான் தொங்குது, பழுப்பு இன்னும் கொஞ்சம் வெளுத்திருக்கு. பழைய பதிலைச் சொன்னேன். "இதுக்கா இத்தன வருசம்?"ன்னாங்க.