மனச்சான்று இழந்தாரும் மறக்கருணையும்

பிறவுயிர் படும் துன்பத்தைக் கண்டவழித் தன்னுயிர்க்கு உற்றதுபோல நெஞ்சு நெகிழ்தல் மக்கட்கு இயல்பு. தீமை செய்தவழித் தன்னைத் தானே கடிந்து வருந்துதலும் அங்ஙனமே. ஆயினும் இவ்விரண்டும் ஒருசிறிதும் இலராய், அறிவிற் குறைவின்றிச் சொல்வன்மையும் சூழ்ச்சியும் மிகவுடையராய், பிறரைக் கொன்றும் வஞ்சித்தும் இரவில் இனிது துயில்வார் சிலர் எக்காலத்தும் எந்நாட்டினும் உளர். இவர் திறத்து இரண்டு வினாக்கள் எழும். இரக்கம் என்பதே அமையப்பெறாத ஒருவன், இரக்கமின்மையாற் செய்த தீமைக்குப் பொறுப்பாளன் ஆவனோ என்பது ஒன்று. ஆவனெனின், அவனுக்கு மீளா நரகம் விதித்தல் முறையாமோ என்பது மற்றொன்று. குருடனைக் காணாமைக்காக ஒறுப்பார் யாண்டும் இலர். கொடியவனையோ ஒறாது விடுவாரும் இலர். இவ்விரண்டனுள் அவன் எவ்வினத்தான் என்பதே ஆராயத்தக்கது. பல சமயத்தாரும் மருத்துவ நூலாரும் நீதி நூலாரும் இதற்குக் கூறிய விடைகளைக் கால முறையான் நோக்கின், சைவ சித்தாந்தத் துணிபின் மாட்சி இனிது விளங்கும்.

பௌத்தருள் மகாயான நூல்கள் இத்தகையோரை இச்சாந்திகர் என்று வழங்கும். நன்மையின் வேர் முற்றும் அறுந்தவர், நாணமும் பழியஞ்சுதலும் இல்லாதவர் என்பது அப்பெயராற் குறிக்கப்படுவோர் இலக்கணம். மகாபரிநிர்வாண சூத்திரத்தின் முற்பகுதி, பாகியான் முதலியோரால் 418-ஆம் ஆண்டளவிற் சீன மொழியிற் பெயர்க்கப்பட்டபோது, எல்லா உயிர்க்கும் புத்தத் தன்மை உண்டு, இச்சாந்திகர்க்கு மட்டும் இல்லை என்னும் கருத்தே அதனுள் காணப்பட்டது. அக்காலத்துச் சீன நாட்டுத் துறவியாகிய தாவோசெங் என்பார், எல்லா உயிர்க்கும் உண்டு என்று கூறியபின் ஒரு சாராரை விலக்குதல் அந்நூலின் உட்கருத்துக்கே முரணாம் எனத் துணிந்து, இச்சாந்திகரும் ஒருநாள் வீடு பெறுவர் என்று உபதேசித்தார். நூலில் இல்லாததைக் கூறினார் என்று சங்கத்தார் அவரைப் புறத்தே நீக்கினர். பின்னர், தருமக்ஷேமர் 421-இல் முடித்த விரிவான பெயர்ப்பு தென்சீனத்தை அடைந்தபோது, அதன் பிற்பகுதியில் தாவோசெங் கூறியதே காணப்பட்டது. கேட்பாரின்றி அவர் குன்றத்துக் கற்களை நோக்கி உபதேசித்தனரென்றும், அக்கற்களும் தலையசைத்தனவென்றும் அந்நாட்டார் கதை வழங்குவர். கல்லனைய நெஞ்சினார்க்கும் உய்தி உண்டென்றவர்க்குக் கல்லே சான்றாயிற்று என்பது அக்கதையின் குறிப்புப் போலும்.

சமணரோ உயிர்களைப் பவ்வியர், அபவ்வியர் என இருகூறாக்குவர். வீடுபேற்றுக்கு உரிய தன்மை உடையார் முன்னையோர். இயல்பாகவே அத்தன்மை இல்லாதார் பின்னையோர். உமாசுவாதி இயற்றிய தத்துவார்த்த சூத்திரத்தில் இப்பகுப்பு உயிரின் இயல்போடு வைத்து ஓதப்பட்டுள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் உடுப்பியில் விளங்கிய மத்துவாசாரியர், முத்திக்கு உரியார், என்றும் பிறந்திறந்து உழல்வார், இருளுக்கே உரியார் என உயிர்களை மூவகைப்படுத்தினார். மூன்றாம் வகையினர் மீட்சியில்லாத அந்ததமசு என்னும் நரகத்தை அடைவரென்பது அவர் கொள்கை. உயிர்தோறும் வேறுபாடு மெய்யாக உண்டெனக் கொண்ட அவர்க்கு, அவ்வேறுபாடு இறுதிவரை நிற்றல் வேண்டும் என்பது தருக்க முறையான் வந்த முடிபேயாம். அந்நூற்றாண்டிலேயே திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்ட தேவர் சிவஞானபோதம் அருளிச்செய்ததும், அவர்வழி அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் அருளிச்செய்ததும் நினையத்தக்கன. ஒரே காலத்தில் தென்னாட்டின் இருவேறு இடங்களில் ஒரே வினாவுக்கு இருவேறு விடைகள் தோன்றின.

மேனாட்டுக் கிறித்துவருள்ளும் இவ்வழக்கு நிகழ்ந்தது. மூன்றாம் நூற்றாண்டினராகிய ஓரிசன் என்பார், இறைவனது தண்டம் உயிரைத் தூய்மை செய்யும் மருந்தென்றும், முடிவில் எல்லா உயிரும் மீட்கப்படுமென்றும் கருதினார். சசுதீனியன் என்னும் பேரரசன் 543-இல் விடுத்த ஆணையால் அக்கொள்கை மறுக்கப்பட்டது. தாவோசெங் வாழ்ந்த காலத்திலேயே வாழ்ந்து 430-இல் மறைந்த அகுசுதீனார், ஆதாமின் குற்றத்தால் மக்கட்குலம் முழுவதும் தண்டத்துக்குரிய ஒரு திரளாயிற்றென்றும், அத்திரளினின்றும் இறைவன் சிலரைத் தன் அருளால் எடுத்துக்கொள்ள, எஞ்சியோர் நீதியின்படி மீளா நரகம் எய்துவரென்றும் கூறினார். பின்வந்த கால்வின் என்பார், 1559-இல் இறுதி வடிவம் பெற்ற தமது பெருநூலில், நரகத்துக்கு உரியாரும் இறைவனால் முன்னரே குறிக்கப்பட்டனர் என்றார். உயிரின் இயல்பே இருளென்னினும், இறைவன் குறிப்பே இருளென்னினும், இருளிற்பட்டான் தானே அதனை நீக்கிக்கொள்ள ஆற்றலிலன் என்பது இருவர்க்கும் ஒக்கும். நீக்கிக்கொள்ளலாகாத ஒன்றுக்காக முடிவில்லாத் துன்பம் நுகர்தல் யாங்ஙனம் முறையாம் என்னும் ஐயம் இரண்டிடத்தும் நின்றேவிடும்.

இனி மருத்துவ நூலார் கூறியது நோக்கற்பாலது. பாரிசு நகரத்து மருத்துவர் பினேல், 1801-இல் வெளியிட்ட நூலில், அறிவு சிறிதும் மயங்காதிருந்தும் கொடுமையிற் செல்வார் சிலரைக் கண்டதாக எழுதினார். தடுப்பாரின்றி வளர்ந்த செல்வன் ஒருவன், வெகுளியால் ஒரு பெண்ணைக் கிணற்றில் தள்ளிய செய்தியும் அதனுட் கூறப்பட்டது. இங்கிலாந்து நாட்டுப் பிரிச்சர்டு 1835-இல் இந்நிலையை அறவுணர்வின் பிணி என வகுத்துரைத்தார். அமெரிக்க நாட்டுக் கிளெக்லி 1941-இல், நல்லறிவு என்னும் முகமூடி அணிந்து உள்ளே வெறுமையுடையாராய்த் திரிவாரது இயல்பை விரித்து நூல் செய்தார். நீதி நூலாரோ இதனைப் பொறுப்பு நீங்கும் காரணமாக ஏற்றிலர். 1843-இல் மக்நாட்டன் என்பான் செய்த கொலையை ஒட்டி இங்கிலாந்தில் எழுந்த விதி, செய்த செயலின் தன்மையையோ அது தவறென்பதையோ அறியமாட்டாத மனநோயாளன் மட்டுமே தண்டத்துக்கு உரியனல்லன் என்று வரையறுத்தது. இந்தியாவில் 1860-இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவும், 2024 சூலை முதல் அதனிடத்து வந்த நியாயச் சட்டத்தின் 22-ஆம் பிரிவும் இந்நெறியனவே. எனவே, தவறென்று அறிந்தான், அறிந்தும் நெஞ்சு நெகிழ்ந்திலன் என்பவன் சட்டத்தின்முன் பொறுப்பாளனே ஆவன்.

அறிதல் வேறு, இரங்குதல் வேறு என்னும் இவ்வுண்மையைச் சேக்கிழார் பெருமான் முத்தநாதன் வரலாற்றிற் காட்டியருளினார். போரில் வெல்லமாட்டாத அவன், மெய்ப்பொருள் நாயனார் திருநீற்றையும் சடைமுடியையும் மெய்ப்பொருளெனக் கொள்ளும் இயல்பினர் என்பதை நன்கு அறிந்தான். அறிந்ததனாலேயே அவ்வேடம் புனைந்தான். ஏட்டுக்கவளியுட் படைக்கலத்தை மறைத்தான். ஆகமம் உரைப்பான்போல் அணுகினான். பிறர் உள்ளம் இன்னதென உணர்தலில் அவனுக்குக் குறையொன்றில்லை. அவ்வுணர்ச்சி அருளாக விளையாமல் வாளாக விளைந்ததே குறை. மறைத்துச் செய்தான் ஆதலின், செய்யலாகாதது என்பதும் அறிந்தானேயாவன். ஆதலால் அவ்வினை அவனதே. காணாதான் தடுக்கி விழுதலும், கண்டான் பிறனைத் தள்ளுதலும் ஒன்றாகா.

அற்றேல், அறிந்தும் இரங்காமை எதனால் வந்தது எனின், அஃது ஆணவ மலத்தின் செறிவால் வந்ததென்பர் சைவ நூலார். இம்மலத்துக்கு இருளை உவமையாக்கிய உமாபதி சிவனார், திருவருட்பயனுள் ஒரு வேற்றுமையும் உடன் உணர்த்தினார். உலகத்து இருள் பொருள்களை மறைப்பினும் இருளென்று தன்னையேனும் காட்டும். ஆணவ இருளோ பிறவற்றையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும் என்பது அது. மனச்சான்று இழந்தானது நிலை இதனின் வேறன்று. தனக்கு இல்லாதது இன்னதென்பதும் அவன் அறியான். இரக்கமுடையாரைப் பேதையரென எள்ளுவான். தன் வன்மையைக் குறையென எண்ணாது உயர்வென எண்ணுவான். ஆயினும் இவ்விருள் உயிரின் குணமன்று, குற்றமே என்பது சித்தாந்தத் துணிபு. செம்பிற் களிம்பு செம்போடு உடன்றோன்றியதாயினும் செம்பின் தன்மை அன்று. நெல்லின் உமி அநாதியே பொருந்தியதாயினும் அரிசியின் தன்மை அன்று. குணமாயின், அதனை நீக்குதல் உயிரையே நீக்குதலாய் முடியும். குற்றமாதலின் நீக்கப்படும். இருளுக்கே உரிய உயிரென ஒன்று கொள்ளுதற்குச் சித்தாந்தத்தில் இடமின்மை இதனாற் பெறப்படும். விஞ்ஞானகலர், பிரளயாகலர், சகலர் எனும் மூவகைப் பகுப்பும் மலங்களின் எண் பற்றி வந்ததேயன்றி, அருளுக்குரியார் உரியரல்லார் என்பது பற்றி வந்ததன்று.

குற்றம் நீக்கப்படுமாறு யாங்ஙனமெனின், இங்கே நரகத்தின் பயன் வந்து பொருந்தும். சித்தியார் இரண்டாஞ் சூத்திரத்துள் இறைவனது தண்டம், தீய ஒழுக்கினராகிய மக்களைத் தந்தை உறுக்கியடித்துத் திருத்துதல் போல்வதென்று உணர்த்தப்படும். அறக்கருணை, மறக்கருணை என்பன இருவேறு கருணையல்ல. ஒன்றே, ஏற்பாரது பக்குவ வேறுபாட்டால் இருதிறப்படும். அரசன் தண்டமும் இறைவன் அருள்வழிப்பட்டதே என்றும், அதனை நுகர்ந்து திருந்தினார் நரகம் சேரார் என்றும் ஆசிரியர் கூறுதலால், சிறையும் நரகமும் ஒரு தன்மையன என்பதும், இரண்டின் நோக்கமும் திருத்தமே என்பதும் பெறப்பட்டன. நோக்கம் திருத்தமாயின், முடிவில்லாத நரகம் என்பது முடிவில்லாத மருந்து என்பதுபோலப் பொருளற்ற சொல்லாம். நோயை என்றும் தீர்க்காத மருந்தை மருத்துவன் கொடான். கொடுப்பின் அவன் மருத்துவனாகான்.

இக்கொள்கையின் விளக்கமாகப் பரஞ்சோதி முனிவர் பாடிய மாபாதகந் தீர்த்த படலம் திகழ்கின்றது. அவந்தி நகரத்து மறையவன் ஒருவன் தாயைக் கூடித் தந்தையைக் கொன்றான். அப்பாவம் எப்புண்ணியத் துறையினும் தீராது தொடர, அவன் மதுரையை அடைந்தான். வேட்டுவக் கோலத்து வந்த சோமசுந்தரக் கடவுள் அவன் உய்யும் நெறியை அருளினார். இத்தகையானுக்கும் அருளுவதோ என உமையம்மையார் வினாவ, வேறு புகலில்லாதாரைக் காப்பதே காப்பு என்பது பெருமானது மறுமொழியின் கருத்து. அருளிய நெறி யாதென நோக்குக. பிச்சையேற்று உண்டல், பசுவுக்குப் புல் அளித்தல், நீராடல், திருக்கோயிலை அங்கத்தால் வலம்வருதல் என்பனவே அந்நெறி. இரக்கம் கொள்க என்று அவனுக்குச் சொல்லப்படவில்லை. இரக்கம் சொல்லால் வருவதன்று. தன் கையாற் பசுவை ஊட்டியும், பிறர் கையினின்று உணவேற்றும், தரையில் உடல் தேயப் புரண்டும் ஆணவத்தின் வலி மெல்ல மெல்லக் குறையுமாறு செய்விக்கப்பட்டான். உணர்ச்சி வாராதவழியும் ஒழுக்கத்தைப் பற்றுக என்பதே ஆண்டுப் பெறப்படும் மருந்து.

இவ்வாறு கொள்ளின், கொடியவனால் துன்புற்றார்க்கு நீதி யாது என வினாவலாம். அவர் துன்பத்தைச் சித்தாந்தம் மறந்ததன்று. செய்த வினை செய்தானை விட்டு நீங்காது. நுகர்ந்தே தீர்தல் வேண்டும். நரகம் மீளத்தக்கது என்றமையால் நரகம் இல்லை என்றாகாது, சிறிதென்றும் ஆகாது. மெய்ப்பொருள் நாயனார் குருதி சோர வீழ்ந்தபோதும், முத்தநாதனை ஊறுபடாது ஊர்ப்புறத்து விடுமாறு தத்தனை ஏவியது, அவன் வினையை அழித்ததன்று. வேடத்தின்மேல் வைத்த அன்பினின்றும் தாம் வழுவாது நின்றதாம். அதன்பின் முத்தநாதன் என்னாயினான் என்று சேக்கிழார் கூறினாரிலர். தீர்ப்பு இறைவனுக்கு உரியதென அறிந்த புலவர் அதனைத் தம் வாயால் உரையாது விட்டனர் எனக் கொள்ளுதல் அமையும்.

இரக்கமில்லாரைத் திருத்துதல் இயலாதென்பது மருத்துவர் பலரும் நெடுங்காலம் கொண்ட கருத்து. அமெரிக்க நாட்டு விஸ்கான்சின் மாநிலத்தில், மெண்டோட்டா என்னுமிடத்தில் 1995-இல் தொடங்கப்பெற்ற நிலையம், பிற சிறைகள் கைவிட்ட கொடிய சிறார்களை ஏற்றது. சிறு நன்மைக்கும் உடனே பயனளித்து, ஒறுத்தலால் வரும் பகைமையைக் குறைத்து, நாள்தோறும் விடாது பழக்கியதில், அத்தகைய சிறாருள் விடுதலைக்குப்பின் கொடுஞ்செயல் செய்தார் தொகை குறைந்ததென ஆய்ந்தோர் எழுதினர். எல்லாரும் திருந்தினர் என்றிலர். திருத்தம் இயலாததன்று என்பதே அதனால் விளங்கிற்று. பக்குவம் காலத்தால் வருவதென்றும், அக்காலத்தை அறிந்து நடத்துவது திரோதான சத்தி என்றும் கூறும் சைவர்க்கு இது வியப்பன்று.

ஆகவே, மனச்சான்று இழந்தான் பொறுப்பாளனோ எனின், ஆம். அறிந்து செய்தமையின் வினை அவனதே. மீளா நரகத்துக்கு உரியனோ எனின், அல்லன். இருள் அவன் குற்றமேயன்றி அவன் குணமன்று ஆதலின். இரக்கமிலான் ஒருவனைக் கண்டு, இவன் உயிரே இத்தன்மைத்து, இவனுக்கு உய்தியில்லை என்று தள்ளுதல் எளிது. அங்ஙனம் தள்ளும் நெஞ்சினுள்ளும், தன்னைக் காட்டாது மறைந்து நிற்பது அவனைப் பற்றிய அதே இருள்தான் என்பதைச் சைவ நன்மக்கள் சிந்திப்பாராக.

திருச்சிற்றம்பலம்