விமான சாகசக் காட்சி: வேலிக்கு வெளியே இருப்போரின் பாதுகாப்பு

பெங்களூரு எலகங்கா விமானப்படைத் தளத்தில் ஏரோ இந்தியா கண்காட்சி தொடங்குவதற்கு முந்தைய நாளான 2019 பிப்ரவரி 19 அன்று, ஒத்திகையில் ஈடுபட்டிருந்த சூர்ய கிரண் குழுவின் இரண்டு ஹாக் விமானங்கள் நடுவானில் மோதி, குடியிருப்புகளுக்கு அருகே விழுந்தன. விங் கமாண்டர் சாஹில் காந்தி உயிரிழந்தார். மற்ற இரு விமானிகள் பாராசூட் மூலம் தப்பினர்.

ஹாக் பழைய ரகமன்று. 2011 வரை இக்குழு பயன்படுத்தியது, 1964-இல் முதன்முதலில் பறந்த கிரண் ரகத்தை. கடற்படை சாகசக் குழுவின் கிரண் விமானம் ஒன்று 2010 மார்ச் 3 அன்று ஹைதராபாத்தில் கட்டடத்தின் மீது விழுந்ததில் அதிலிருந்த இரு விமானிகளும் இறந்தனர்.

பிரிட்டனின் ஷோர்ஹாமில் 2015 ஆகஸ்ட் 22 அன்று, 1950-களில் தயாரான ஹண்டர் ஜெட் நெடுஞ்சாலையில் விழுந்து 11 பேர் பலியாயினர். அனைவரும் காட்சித் திடலுக்கு வெளியே இருந்தவர்கள். வானில் வளையமிட்டபோது உச்சியில் போதிய உயரத்தை விமானம் எட்டவில்லை என விசாரணையில் தெரியவந்தது. இதையடுத்து, பழைய ஜெட் விமானங்கள் நிலப்பரப்பின் மேல் சாகசம் செய்ய அந்நாடு தடை விதித்தது. பறந்து கடந்து செல்ல மட்டுமே அனுமதித்தது.

ஏரோ இந்தியா நாட்களில் கெம்பேகவுடா விமான நிலையச் சேவை குறிப்பிட்ட நேரங்களில் நிறுத்தப்படுகிறது. எனினும், தளத்தை ஒட்டிய பல்லாரி சாலையோரம் நின்று மக்கள் வேடிக்கை பார்ப்பது வழக்கமாகவே உள்ளது.