தீபாவளியும் எண்ணெய் நீராட்டும்

ஐப்பசித் தேய்பிறைப் பதினான்காம் நாள் விடியுமுன் எண்ணெய் தேய்த்து நீராடி, புத்தாடை உடுத்தித் தீபாவளி கொண்டாடுகின்றோம். நரகாசுரனைக் கண்ணன் கொன்ற நாள் இஃது என்பது புராணம். அடுத்து வரும் அமாவாசையைச் சமணர்கள் மகாவீரர் வீடுபேறு எய்திய நாளாக விளக்கேற்றிப் போற்றுகின்றனர். எனவே, ஒரு விழாவுக்கு ஒரே வரலாறுதான் உண்டு எனக் கொள்வதற்கில்லை.

பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) சென்னையில் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். நம் விழாக்களின் மூலத்தைப் பௌத்தத்தில் தேடினார். எள்ளிலிருந்து நெய் எடுத்து, அதன் பயனைப் பௌத்த அறவோர் மக்களுக்கு உணர்த்திய நாளே தீபாவளி என்றார். கார்த்திகை விளக்கை ஆமணக்கு நெய்யோடு இணைத்தார்.

இவ்விளக்கத்தை அறிஞர் அனைவரும் ஏற்றாரல்லர். எனினும், கொலைக்கதை கூறப்படும் விழாவில் எண்ணெய்க்கு என்ன வேலை என எண்ணிப் பார்க்கும் வழியை அவர் நமக்குத் திறந்துவிட்டார். நம் வீட்டு எண்ணெய்க் கிண்ணமும் வரலாற்றுச் சான்றாகலாம் என்பதே அவர் விட்டுச்சென்ற பாடம்.

இளைஞர்களே! கடன்பட்டு வெடி வாங்குதல் விழாவன்று. வழக்கங்களின் காரணத்தை வினவுங்கள். முதியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். நாம் எழுதாத வரலாற்றில் நமக்குப் பிறர் தரும் இடமே எஞ்சும்.