போய் வருகிறேன் என்று சொன்னவர்கள்



வாசலில் நின்று "போகிறேன்" என்று சொல்லும் வழக்கம் நமக்கு இல்லை. "போய் வருகிறேன்" என்போம். யாழ்ப்பாணத்தார் "போயிட்டு வாறன்" என்பார்கள். தப்பித்தவறி ஒரு பிள்ளை "போறேன்" என்று சொல்லிவிட்டால், வீட்டில் மூத்தவர்கள் உடனே திருத்திவிடுவார்கள். திரும்பி வருவேன் என்ற வாக்கை உள்ளே வைத்துத்தான் தமிழர் விடைபெறுகிறோம்.

நம்மிடையே ஊழியம் செய்ய வந்து, நம் மொழியைக் கற்று, நம்மவரில் சிலரை நெருங்கிய நண்பர்களாக்கிக்கொண்ட மிஷனரிமாரும் ஒருநாள் விடைபெற்றார்கள். அவர்களில் பலர் திரும்பி வரவில்லை. ஆண்டு விழா மலர்களை எடுத்துப் பார்த்தால், இன்னார் இன்ன ஆண்டில் வந்தார், ஆலயம் கட்டினார், பள்ளிக்கூடம் தொடங்கினார் என்று விரிவாக எழுதியிருக்கும். அவர் புறப்பட்டதைப் பற்றி ஒரு வரி இருந்தால் பெரிது. ஆனால் ஒருவருடைய ஊழியம் எப்படிப்பட்டது என்பதை அவர் புறப்பட்ட விதம் காட்டிவிடும். போகும்போது சாவியை யார் கையில் கொடுத்தார்? போன பிறகு அந்த நட்பை எப்படிக் காத்தார்? இந்த இரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு மூன்று பேரின் பிரிவை உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறேன்.

அதற்கு முன் வேதாகமத்தில் ஒரு பிரிவை நினைவுபடுத்துகிறேன். அப்போஸ்தலர் நடபடிகள் 20-ஆம் அதிகாரத்தில் பவுல் எபேசு சபையின் மூப்பர்களை மிலேத்துவுக்கு வரவழைக்கிறார். மூன்று ஆண்டுகள் அவர்களோடு வாழ்ந்தவர். இனி என் முகத்தைக் காணமாட்டீர்கள் என்று ஒளிக்காமல் சொல்கிறார். மந்தையை அவர்கள் பொறுப்பில் விடுகிறார், அவர்களைத் தேவனிடம் ஒப்புக்கொடுக்கிறார். பிறகு எல்லாரும் முழங்கால்படியிட்டு ஜெபித்து, அழுது, அவரைக் கட்டித் தழுவி, கப்பல்வரை கொண்டுபோய் விடுகிறார்கள். பொறுப்பை ஒப்படைப்பது, அழுவது, கூடவே நடந்து வழியனுப்புவது என்ற மூன்றும் அந்தக் கடற்கரையில் நடந்தன. அழுகை மட்டும் இருந்திருந்தால் எபேசு சபை அநாதையாகியிருக்கும்.

மயிலாடி, 1816

நாஞ்சில் நாட்டு மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம், தஞ்சாவூரில் சுவிசேஷத்தைக் கேட்டு ஞானஸ்நானம் பெற்று ஊர் திரும்பியவர். தன் மக்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று கேட்டவரும் அவரே. அந்த அழைப்பின் பலனாக, இலண்டன் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர் வில்லியம் தொபியாஸ் ரிங்கல்தௌபே 1806-ல் தென் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809-ல் மயிலாடியில் ஆலயம் எழும்பியது. மெல்ல மெல்லச் சுற்று ஊர்களிலும் சபைகள் உண்டாயின.

ரிங்கல்தௌபே தனிமையானவர், எளிய வாழ்க்கை வாழ்ந்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. உடல்நலம் கெட்டு 1816-ல் அவர் புறப்பட வேண்டியதாயிற்று. அவருடைய இடத்துக்கு வர வேறொரு ஐரோப்பியர் அப்போது இல்லை. அன்றைய மிஷன் வழக்கப்படி பார்த்தால், வேலையை நிறுத்தி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தாம் வருவதற்குக் காரணமாயிருந்த அதே வேதமாணிக்கத்தின் கையில் சபைகளை ஒப்படைத்துவிட்டுப் போனார்.

அதன்பின் ரிங்கல்தௌபே கப்பலேறிக் கிழக்கு நோக்கிப் போனார். அவருடைய முடிவு என்ன, எங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. கல்லறை இல்லாத மிஷனரி அவர். ஆனால் 1818-ல் சார்ல்ஸ் மீட் மயிலாடிக்கு வந்து பொறுப்பேற்றபோது சபைகள் அங்கே இருந்தன. இடையில் அவற்றைக் காத்தவர் வேதமாணிக்கம். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து இங்கே நம்மோடு ஆராதிக்கும் குடும்பங்களே, வெள்ளைக்கார மிஷனரி ஒருவர்கூட இல்லாத அந்த நாட்களும் உங்கள் சபை வரலாற்றின் பெருமைக்குரிய நாட்கள்தான். ஒரு நல்ல விடைபெறுதல் இல்லாமல் அவை வந்திருக்கமாட்டா.

மானிப்பாய், 1873

ரிங்கல்தௌபே புறப்பட்ட அதே 1816-ல் யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க மிஷனரிமார் வந்தார்கள். அந்த அமெரிக்க இலங்கை மிஷனுக்கு 1847-ல் வந்து சேர்ந்தவர் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். மசாசுசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரத்தவர். மானிப்பாயில் நோயாளிகளைப் பார்த்தார். 1848-லிருந்து மாணவர்களுக்கு மேல்நாட்டு மருத்துவம் கற்பித்தார். இடையில் 1857 முதல் 1862 வரை தாய்நாட்டில் இருந்துவிட்டு, மனைவியோடு திரும்பி வந்தார். அந்தமுறை, "போயிட்டு வாறன்" என்ற சொல் பலித்தது.

முதலில் ஆங்கிலத்தில் கற்பித்த கிறீன், 1864-லிருந்து தமிழில் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க வேலை தேடி வெளியூர் போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்கள் கிராமங்களில் தங்கி மக்களைப் பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. ஒருநாள் தாம் போய்விடுவோம் என்று அறிந்த மனிதர், போகாமல் இருக்கப் போகிறவர்களைத் தயார்செய்தார். 60-க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் அவரிடம் உருவானார்கள். தமிழில் மருத்துவ நூல்களும் வந்தன. 1867-ல் இரண வைத்தியம், 1872-ல் மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம். சாப்மன், டான்ஃபோர்த் போன்ற அவருடைய மாணவர்கள் இந்தப் பணியில் தோள் கொடுத்தார்கள்.

இந்தப் பெயர்களைப் பார்த்து வெளிநாட்டவர் என்று எண்ணிவிடாதீர்கள். இவர்கள் யாழ்ப்பாணத் தமிழர்கள். மிஷன் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு அமெரிக்க உபகாரிகளின் பெயரை வைக்கும் வழக்கம் அந்நாளில் இருந்தது. நட்பு உண்மையானதுதான். ஆனாலும் அது சமமான நிலத்தில் முளைத்த நட்பு என்று சொல்லிவிட முடியாது. ஒருவர் பெயர் கொடுக்கிறார், மற்றவர் பெயரை வாங்கிக்கொள்கிறார். ஒருவருக்குத் திரும்பிப் போக ஒரு நாடு இருக்கிறது, மற்றவருக்கு அந்த ஊர்தான் எல்லாம். இதை மறைத்து எழுதினால் வரலாறு ஆகாது.

1873-ல் உடல்நலம் குன்றிய கிறீன் மானிப்பாயை விட்டுப் புறப்பட்டார். இந்தமுறை திரும்பி வர உடல் இடம் கொடுக்கவில்லை. பிரிவோடு எல்லாம் முடிந்திருக்கலாம். முடியவில்லை. வூஸ்டரில் இருந்துகொண்டே யாழ்ப்பாணத்து நண்பர்களோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார், தமிழ் நூல்களின் வேலையையும் விடவில்லை. கெமிஸ்தம் என்ற வேதியியல் நூல் 1875-ல் வெளிவந்தது. மனுஷ சுகரணம் என்ற உடலியல் நூல் 1883-ல் வெளிவந்தது. அவர் யாழ்ப்பாணத்தை விட்டுப் பத்து ஆண்டுகள் ஆனபின் வந்த நூல் அது. ஒரு கடிதம் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும் காலம். கையெழுத்துப் பிரதியில் ஒரு சொல்லைத் திருத்தி, அதற்குப் பதில் வரும்வரை காத்திருந்த பொறுமையை எண்ணிப் பாருங்கள். ஆள் திரும்பி வரவில்லை, புத்தகங்கள் வந்தன.

அடுத்த ஆண்டு, 1884-ல், கிறீன் இறந்தார். தம் கல்லறையில் பெயரோடும் ஆண்டுகளோடும் தமிழருக்கு மருத்துவ நற்செய்தியாளர் என்று எழுதும்படி முன்பே சொல்லியிருந்தார். அப்படியே எழுதினார்கள். தமிழர் யாரென்று அறிந்தவர்கள் அரிதாயிருந்த ஓர் அமெரிக்க ஊரில் அந்தக் கல் நிற்கிறது. மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சென்னை, 1974

மூன்றாமவரை நம்மில் மூத்தவர்கள் சிலர் நேரில் கண்டிருப்பார்கள். லெஸ்லி நியூபிகின் 1936-ல் ஸ்காட்லாந்து சபையின் மிஷனரியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தார். வந்த சிறிது காலத்தில் ஒரு பேருந்து விபத்தில் கால் முறிந்து, சிகிச்சைக்காகத் தாய்நாடு போய், 1939-ல் காஞ்சிபுரம் திரும்பினார். அங்கே இராமகிருஷ்ண மடத்தில் இந்துப் பெரியோரோடு வாரந்தோறும் அமர்ந்து, உபநிடதங்களையும் யோவான் சுவிசேஷத்தையும் மாறி மாறிப் படித்தார். ஊழியத்தில் கிடைக்கும் நண்பர்கள் எல்லாரும் சபைக்குள்ளேதான் இருக்க வேண்டும் என்பதில்லை. 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோது அதன் முதல் பேராயர்களில் ஒருவராக மதுரைக்குப் போனார். பின்னர் 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராக இருந்தார்.

பணிநிறைவு பெற்றபோது அவருக்கு வயது 64. அவரும் மனைவி ஹெலனும் விமானம் ஏறவில்லை. இரண்டு பெட்டி, ஒரு முதுகுப்பை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, கிடைத்த பேருந்துகளில் தரைவழியாகவே இங்கிலாந்துவரை சுமார் இரண்டு மாதம் பயணம் செய்தார்கள். வழியெங்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தந்த ஊர்க் கிறிஸ்தவர்களோடு ஆராதித்தார்கள். துருக்கியின் கப்பதோக்கியாவில் மட்டும் கூட ஆராதிக்க ஒருவரும் கிடைக்கவில்லை. ஆதிச் சபையின் பெரிய ஆசான்கள் பசிலியுவும் நிசாவின் கிரகோரியும் வாழ்ந்த மண் அது. அந்த ஞாயிறு கணவனும் மனைவியும் தனியே ஆராதித்தார்கள். ஒரு காலத்தில் பேர்பெற்ற சபையும் கைமாறிக் கொடுக்கப்படாமல் போனால் அற்றுப்போகலாம் என்பதற்கு அந்த மண்ணே சாட்சி.

இங்கிலாந்து போய்ச் சேர்ந்த நியூபிகின் ஓய்ந்திருக்கவில்லை. பின்னாளில் பர்மிங்காமில், ஆசியாவிலிருந்து குடியேறியவர்கள் நிறைந்த ஒரு பகுதியில், ஒரு சிறிய சபைக்குப் போதகரானார். தமிழ்நாடு அவருக்குக் கற்றுக்கொடுத்ததைத் தம் சொந்த நாட்டில் செய்து பார்த்தார்.

ஸ்ட்ராத்ஃபீல்டில் நாம்

இந்த வரலாறு நமக்கு எதற்கு? நாம் இரண்டு கரைகளிலும் நின்றவர்கள். 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து வந்தவர்களில் பலருக்கு விடைபெறவே நேரம் கிடைக்கவில்லை. போதகரிடம் சொல்லவில்லை, பக்கத்து வீட்டாரிடம் சொல்லவில்லை, வாத்தியார் கையைப் பிடித்து ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்லாமல் வந்த அந்தப் பிரிவுகள் இன்னும் நமக்குள் கனமாக இருக்கின்றன. அப்படிப்பட்ட நாம் இங்கே வாரந்தோறும் யாரையாவது வழியனுப்பிக்கொண்டிருக்கிறோம். படிக்க வந்த பிள்ளைகள் வேலை கிடைத்து மெல்பேர்னுக்கோ பெர்த்துக்கோ போகிறார்கள். வாடகை தாங்காமல் இளம் குடும்பங்கள் மேற்குப் புறநகர்களுக்கு நகர்கிறார்கள். நம்மில் சிலர் விடுமுறையில் வன்னிக்கும் மலையகத்துக்கும் ஊழியத்துக்குப் போய், அங்கே நண்பர்களைப் பெற்று, கண்ணீரோடு விடைபெற்று வருகிறார்கள்.

அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த நண்பர்களுக்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் கடைசிச் செய்தி எப்போது வந்தது? கிறீன் கப்பல் தபாலை நம்பிப் பதினோரு ஆண்டுகள் நட்பைக் காத்தார். நம் கையில் ஒரு நொடியில் போய்ச் சேரும் கருவி இருக்கிறது, ஆனால் மூன்று மாதத்தில் குழு அமைதியாகிவிடுகிறது. புகைப்படம் எடுத்துக்கொள்வதற்கு மட்டும் நண்பர்களாக இருந்தோமா என்று அங்கே இருப்பவர்கள் நினைத்தால், அதற்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

மூத்தவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். இந்தச் சபையைத் தோளில் சுமந்து இவ்வளவு தூரம் கொண்டுவந்தவர்கள் நீங்கள். ஒருநாள் நீங்களும் புறப்படுவீர்கள். இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் தடுமாறுகிறது, பாடல்களின் இராகம் தெரியவில்லை, கூட்டத்துக்கு நேரத்துக்கு வருவதில்லை என்ற குறைகள் எல்லாம் இருக்கலாம். வேதமாணிக்கத்திடமும் குறை காண விரும்பியிருந்தால் ரிங்கல்தௌபேக்குக் குறை கிடைத்திருக்கும். அவர் குறையைத் தேடவில்லை, ஆளைத் தேடினார். அடுத்த ஆண்டு விழாவுக்கு முன், காணிக்கைக் கணக்கையும் ஆராதனை ஒழுங்கையும் ஒரு முறையாவது முழுமையாக அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே கொடுத்தால் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். போன பிறகு கிடைத்தால் யாரிடம் கேட்பார்கள்?

பிரிவு கிறிஸ்தவ ஊழியத்தில் தவிர்க்க முடியாதது. மிலேத்துக் கடற்கரையில் அழுதவர்களுக்கும் அது தெரியும். ஆகையால் இனி ஒருவரை வழியனுப்பும்போது கேக் வெட்டி, பொன்னாடை போர்த்தி முடித்துவிடாமல், அவர் செய்துவந்த வேலையை யார் எடுத்துக்கொள்கிறார் என்று சபையின் முன்னே பெயர் சொல்லி, இருவருக்காகவும் சேர்ந்து ஜெபிப்போம். போகிறவருக்கு மாதம் ஒருமுறை பேசும் பொறுப்பை ஒருவர் எடுத்துக்கொள்ளட்டும்.

மயிலாடியிலும் மானிப்பாயிலும் சென்னையிலும் தம் ஊழியரைப் பிரித்தெடுத்தும் தம் சபையைக் கைவிடாத கர்த்தர், ஸ்ட்ராத்ஃபீல்டில் கூடிவரும் நம்மையும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் பத்திரமாய்க் கொண்டுசெல்வாராக. ஆமென்.