தோல், ஃபைபர், கோட்டு: ஒரு சத்தம் மாறியதைப் பற்றி

இண்டூர்ப் பக்கத்துப் பறைக்குழு ஒன்று தன் சத்தத்தை மாற்றிக்கொண்டது. அதைக் கேட்டு முதலில் கோபப்பட்டவன் நான். இந்தக் கட்டுரையை அந்தக் கோபத்தின் வரலாறு என்று வைத்துக்கொள்ளலாம்.

குழுவின் பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் கலை இரவுகளுக்கு நான் பலமுறை அழைத்துப்போன குழு. தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகிற பஸ்ஸில் வந்து இண்டூரில் இறங்கியிருந்தேன். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்ததும் குழுவின் இளைஞன் கைபேசியில் புதுப் பதிவைப் போட்டுக் காட்டினான். ஆறு உருப்படிகள். திருவிழாக் கமிட்டிகளிடம் கொடுப்பதற்காகப் பதிந்தது. ‘ஆல்பம்ண்ணா’ என்றான். தோல்பறை இல்லை. ஃபைபர் பறை, ரிதம் பேட், அடியில் கீபோர்டு. இரண்டாவது உருப்படியிலேயே என் முகம் மாறிவிட்டிருக்க வேண்டும்.

‘என்னப்பா இது, உங்க சத்தமே காணோமே?’

‘எங்க சத்தம்னா எதுண்ணா?’

அந்தக் கேள்விக்கு டீக்கடையில் வைத்து எனக்குப் பதில் தெரியவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் கேள்வியின் கனம் உறைத்தது.

பறையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மரச்சட்டங்களை வளைத்து இணைத்து வட்டமாக்கி, மாட்டுத்தோலை, பெரும்பாலும் கன்றுத்தோலை, புளியங்கொட்டைப் பசையால் இழுத்து ஒட்டுகிறார்கள். ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சி, மறு கையில் தடித்த குட்டைக் குச்சி. தோல் ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் தொய்யும். தொய்ந்தால் சத்தம் வயிற்றுக்குள் போய்விடும். எனவே அடிப்பதற்கு முன்னால் வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்திக் காய்ச்ச வேண்டும். கொஞ்ச நேரம் அடித்ததும் மறுபடியும் காய்ச்ச வேண்டும். ஃபைபர் என்று பொதுவாகச் சொல்லப்படும் பிளாஸ்டிக் படலத்துக்கு இந்த வேலையே இல்லை. திருகாணியை முடுக்கினால் போதும், மழையிலும் ஒரே சுருதி. தோலின் அடிக்கனம் அதில் வராது, கூர்மையான மேல்சத்தம்தான் வரும். எனக்குப் பிடிக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் என் காதுக்குப் பிடிக்காதது ஒன்று, அதை ‘உங்க சத்தம் இல்லை’ என்று தீர்ப்பாகச் சொன்னது வேறு.

அடுத்த முறை போனபோது அவனே ஆரம்பித்தான்: ‘தோலைத் தொடுறவங்கன்னுதானண்ணா ஊருக்குள்ள விடல? இப்ப தோல விட்டாச்சு. நீங்க வந்து தோல் எங்கடான்னு கேக்குறீங்க.’

இதைவிடச் சுருக்கமாக எங்கள் பண்பாட்டு அரசியலை யாரும் விமர்சித்து நான் கேட்டதில்லை.

செத்த மாட்டைத் தூக்குவதும், தோலை உரிப்பதும், ஊர்ச் சாவுக்குக் கூலியில்லாமலோ ஒரு படி தானியத்துக்கோ பறையடிப்பதும் கலையாக இருந்ததில்லை. அவை கட்டாயமாக இருந்தவை. 1927இல் மகாடில் அம்பேத்கர் தம் மக்களிடம் செத்த மாட்டின் இறைச்சியை விடச் சொன்னபோது அவர் எந்த மரபையும் அழிக்கவில்லை. தமிழ்நாட்டிலும் பறையடிக்க மறுப்பது போராட்டத்தின் ஒரு நீண்ட கண்ணி. 1991ஐ ஒட்டி, அம்பேத்கர் நூற்றாண்டின்போது, அதே பறையை விடுதலைக் கருவியாகக் கையிலெடுத்தது இன்னொரு கண்ணி. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும். உள்ளிருப்பவர்களுக்கு அது முரண் இல்லை. கட்டாயமாக அடிக்கமாட்டேன், நான் விரும்பினால் அடிப்பேன். அவ்வளவுதான். எங்களைப் போன்ற வெளியாட்கள்தான் இரண்டாவது பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். மேடையேறி, புறநானூற்றிலேயே பறை இருக்கிறது என்று பேசி, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டச் சொல்லி, தலையில் துண்டு கட்டச் சொல்லி... சொன்னவர்களில் நானும் ஒருவன். அன்று ஒருவர் பேண்ட் போட்டு வந்திருந்தார். ‘வேட்டி இல்லையா?’ என்று கேட்டேன். அவர் எதுவும் பேசாமல் போய் மாற்றிக்கொண்டு வந்தார்.

லெட் பெல்லி என்றழைக்கப்பட்ட ஹடி லெட்பெட்டரின் கதையைப் படித்தபோது இது ஞாபகம் வந்து கூசியது. கறுப்பின நாட்டார் பாடல்களைத் தேடி அலைந்த ஜான் லோமாக்ஸும் மகன் ஆலனும் 1933இல் லூசியானாவின் அங்கோலா சிறையில் அவரைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு அவர் விடுதலையானார். 1935இல் அவரைப் பற்றி எடுத்த செய்திப்படத்தில் மீண்டும் கைதி உடை மாட்டி நடிக்கவைத்தார்கள். அவருக்குப் பிடித்தது கோட்டும் சூட்டும். வெள்ளைக்காரப் பார்வையாளருக்குத் தேவைப்பட்டது சிறையின் கோடுபோட்ட சட்டை. லோமாக்ஸ்களைக் கயவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் இல்லாவிட்டால் அந்தக் குரல்களில் பல நமக்குக் கிடைத்திருக்காது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. சேகரிப்பவனின் அன்பில் ஒரு பூட்டும் சேர்ந்தே வருகிறது.

அதே ஆலன் லோமாக்ஸ் 1941இல், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் கறுப்பின ஆய்வாளர் ஜான் வொர்க்கோடு, மிசிசிப்பியின் ஸ்டோவல் பண்ணையில் ஒரு பங்குக்கூலி விவசாயியின் பாட்டைப் பதிவுசெய்தார். மட்டி வாட்டர்ஸ் அவர். இரண்டு வருடத்தில் பண்ணையை விட்டு சிகாகோவுக்கு ரயிலேறினார். சாராயக்கடை இரைச்சலில் மரக் கிதார் யாருக்கும் கேட்கவில்லை, மின்கிதாரை எடுத்தார். இன்று நாம் ராக் என்று சொல்வதன் தாய்ச்சத்தங்களில் ஒன்று அது. 1958இல் இங்கிலாந்து போனார். கிராமத்து நீக்ரோவின் மென்சோகத்தை எதிர்பார்த்து வந்த விமர்சகர்களில் சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். 1963இல் மறுபடி போனபோது அவர்களுக்காக மரக் கிதாரோடு போனார். அதற்குள் அங்கே மின்கிதார் எங்கே என்று கேட்கிற கூட்டம் உருவாகிவிட்டிருந்தது! சிரிப்பாகத்தான் இருக்கிறது. பண்ணையை விட்டு ஓடிவந்த மனிதனிடம், நீ பண்ணையில் இருந்தபோது போட்ட சத்தத்தைப் போடு என்று கேட்பதைச் சிரிப்பில் மட்டும் கடந்துவிட முடியுமா?

1965 ஜூலை 25 அன்று நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் பாப் டிலன் மின்கிதாரோடு ஏறியதையும், கூட்டத்தில் ஒரு பகுதி ஊளையிட்டதையும், அடுத்த ஆண்டு மான்செஸ்டரில் ஒருவர் அவரை ‘யூதாஸ்’ என்று கத்தியதையும் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் வேண்டியது ஒன்றுதான். பீட் சீகர் கோடாலி எடுத்து வயரை வெட்டப் போனார் என்று ஒரு கதை உண்டு. பின்னாளில் அவர் சொன்ன விளக்கம் வேறு. மின்சாரம் அவருடைய பிரச்சினையே இல்லை. ஒலி சிதறியதால் பாட்டின் சொற்கள் கேட்கவில்லை, அதனால்தான் கோபம். இதை நான் கடைசியில் மறுபடி எடுக்க வேண்டிவரும்.

நம் ஊரிலும் தூய்மைக் காவலர்களுக்குப் பஞ்சமில்லை. ஆர்மோனியம் ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டி. 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி அதைத் தடைசெய்து வைத்திருந்தது. அந்த முப்பது வருடமும் எங்கள் பக்கத்துக் கூத்துக்காரர்கள் அதை விடியவிடிய வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். இன்று கூத்திலிருந்து ஆர்மோனியத்தை எடுத்துவிட்டால், மரபு போச்சு என்று முதலில் அழப்போவதும் நாம்தான்.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல்முறையாக மேடையேறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய பத்தொன்பது பேர் குழு. பெயர் அயோத்திதாசர் பயன்படுத்திய ஒரு சொல்லிலிருந்து. கானா, ராப், ராக். பறையும் சட்டியும் டோலக்கும் ஒரு பக்கம், மின்கிதாரும் டிரம்ஸும் இன்னொரு பக்கம். சாவு வீட்டில் பிறந்த கானா அங்கே இடஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் பாடியது. எல்லோரும் ஒரே மாதிரி கோட்டு சூட்டு போட்டிருந்தார்கள். காணொளியில் பார்த்தபோது சத்தத்தைவிட அந்தக் கோட்டுதான் என்னை அடித்தது. லெட் பெல்லியிடமிருந்து பறிக்கப்பட்ட கோட்டு, அம்பேத்கர் கழற்ற மறுத்த கோட்டு. என் கலை இரவில் ஒருவரை நான் மாற்றச் சொன்ன பேண்ட்டும் கூடவே ஞாபகத்தில் வந்தது.

கோட்டு வெறும் துணிதானே என்பவர்களுக்கு: 2012 நவம்பர் 7 அன்று இதே தர்மபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. வீட்டோடு பைக்குகள் எரிந்தன, பீரோக்கள் உடைந்தன. வெளியூர் போய் உழைத்து வாங்கிய பொருள்கள். காரணமாகச் சொல்லப்பட்டது ஒரு காதல் திருமணம். எரித்தவர்களின் கண்ணை உறுத்தியது அது மட்டும்தானா? ‘பழையபடி இரு’ என்ற கட்டளை நெருப்பாக வருகிறது. ‘உன் பழைய சத்தம்தான் அழகு’ என்று பாராட்டாகவும் வருகிறது. இரண்டையும் சமம் என்று நான் சொல்லவில்லை, அது அபத்தம். ஆனால் இரண்டாவதைச் சொல்லும்போது முதலாவது இந்த மண்ணில் இருக்கிறது என்ற நினைப்பாவது எனக்கு இருந்திருக்க வேண்டும்.

இங்கேயே நிறுத்தினால் மாற்றமெல்லாம் விடுதலை என்றாகிவிடும். அப்படியும் இல்லை. 1968இல் ‘எலக்ட்ரிக் மட்’ என்ற இசைத்தட்டு வந்தது. மட்டி வாட்டர்ஸின் குரலைச் சுற்றி அக்காலத்துப் போதை ராக்கின் கிதார் அலறல். வாசித்தவர்கள் சிகாகோவின் தேர்ந்த கறுப்பின இசைஞர்கள். யோசனை மட்டும் கம்பெனி முதலாளி மகன் மார்ஷல் செஸ்ஸுடையது. வெள்ளை இளைஞர் சந்தை அவருடைய குறி. முதலில் நன்றாக விற்றது, விமர்சகர்கள் கிழித்தார்கள், மட்டிக்கே அது பிடிக்கவில்லை. வெகுகாலம் கழித்து சக் டி போன்ற ராப் கலைஞர்கள் அதைக் கொண்டாடினார்கள். அப்படியானால் அது யாருடைய சத்தம்?

இண்டூர் ஆல்பத்தையும் இப்படிக் கேட்டேன். ‘கமிட்டிக்காரங்க கேரளாவுல இருந்து செண்டை எறக்குறாங்கண்ணா. பேட் இல்லாட்டி எங்களக் கூப்புடமாட்டாங்க’ என்றான். ஆக, பாதி அவன் விருப்பம், பாதி கமிட்டியின் விருப்பம். எது எந்தப் பாதி என்று அவனாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஃபைபர் வந்ததில் போனது ஒன்று உண்டு. அது நெருப்பைச் சுற்றியிருந்த நேரம். காய்ச்சுகிற சாக்கில் பத்து நிமிடம் உட்காரலாம், பீடி பற்றவைக்கலாம், கூலியைப் பற்றி ரகசியமாகப் பேசி முடிவெடுக்கலாம். தோல் காயவில்லை என்றால் எந்த நாட்டாமையும் அடிடா என்று சொல்ல முடியாது. ஃபைபர் எப்போதும் தயார். அதனால் அடிப்பவனும் எப்போதும் தயாராக இருக்க வேண்டியிருக்கிறது. இதைச் சொன்னது நான் இல்லை, அந்தப் பையனின் பெரியப்பா. குழுவில் இன்றும் தோல்பறையை விடாதவர் அவர் ஒருவர்தான்.

அவர் என் பக்கம் பேசுவார் என்ற நம்பிக்கையில் ஆல்பத்தை அவரிடம் போட்டுக்காட்டச் சொன்னேன். ஆறு உருப்படியையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நாலாவதில் அவருடைய தோல்பறையும் எங்கேயோ அடியில் ஓடுகிறதாம், எனக்குத் தெரியவில்லை. முடிந்ததும் பையனைப் பார்த்துச் சொன்னார்:

‘நல்லாத்தான்டா இருக்குது. அந்தப் பேட்டக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லு. என் அடி கேக்கல.’